யாரும் கேட்காதபோதும் செய்யத் தோன்றுவது: உள்ளூக்கத்தைக் கண்டறியும் வழி

மொரிசியசில் தமிழ் கற்பிக்கும் எவருக்கும் இந்தக் காட்சி பழக்கமானது. தொடக்கப் பள்ளியில் தமிழைப் பாடமாக எடுத்து ஆறு ஆண்டுகள் படித்த பிள்ளை, இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுகிறது. வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். அடுத்த வாரமே தமிழ்ப் புத்தகம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து அதே பிள்ளையைக் கோயிலில் சந்தித்தால், வாசலில் எழுதியிருக்கும் சாமி பெயரையே எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிகிறது. அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைந்துவிடவில்லை. பின்னாலிருந்து தள்ளிய கை விலகியதும் வண்டி நின்றுவிட்டது.

தமிழுக்கு மட்டும் நேர்வது அல்ல இது. மருத்துவர் எச்சரித்த மாதத்தோடு முடிந்துபோகும் நடைப்பயிற்சி, மேலாளர் விடுப்பில் சென்றால் மந்தமாகும் அலுவலகம், அம்மா கேட்பதை நிறுத்தியதும் துணி போர்த்திய நிலையிலேயே கிடக்கும் வீணை என்று எல்லாவற்றிலும் ஒரே கதைதான் நடக்கிறது. நான் பல ஆண்டுகளாகக் காத்ர் போர்ன் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தமிழ் சொல்லித் தருகிறேன். தள்ளுவதற்கு யாருமில்லாத நிலையிலும் சிலர் ஏன் தொடர்ந்து வருகிறார்கள், சிலரால் ஏன் முடிவதில்லை என்பதை அங்கே அருகிலிருந்து கவனித்ததிலிருந்து கற்றவற்றையே இங்கே எழுதுகிறேன். பிறர் கண்டிப்பிலும் பாராட்டிலும் இதுவரை ஓடிக் களைத்து, இனித் தன் விருப்பத்தால் ஒன்றைச் செய்ய நினைக்கும் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது இது.

முதலில் நான் செய்த ஒரு தவறு

வகுப்பு தொடங்கிய புதிதில், வீட்டில் ஒரு பக்கம் எழுதிவரும் ஒவ்வொரு சிறுவனுக்கும் சிறுமிக்கும் நோட்டில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினேன். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு பேனா. இரண்டு மாதங்கள் நோட்டுகள் நிரம்பி வழிந்தன, பெற்றோர் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். அதற்கு முன்பே யாரும் சொல்லாமல் தன் பூனையைப் பற்றி நாலு வரி, தாத்தா வீட்டு மாமரத்தைப் பற்றி நாலு வரி என்று எழுதிவந்த ஒரு சிறுமியும் அவர்களில் இருந்தாள். நட்சத்திரத் தாள் தீர்ந்துபோன வாரத்தில் அவள் நோட்டைத் திறந்து, பக்கத்தின் மேல் ஓரத்தைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு நட்சத்திரம் இல்லையா மிஸ்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதன் பிறகு பூனையைப் பற்றி அவள் எழுதவே இல்லை. இருந்த ஒன்றை நானே அணைத்துவிட்டேன் என்பது எனக்குப் புரிவதற்கு ஓர் ஆண்டு ஆனது.

இதை உளவியல் ஆய்வாளர்கள் முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் படித்தேன். 1971இல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க ஆய்வாளர், கல்லூரி மாணவர்களிடம் கட்டைகளைப் பொருத்தி உருவம் அமைக்கும் சோமா என்ற புதிரைக் கொடுத்தார். மூன்று அமர்வுகள். ஒரு குழுவினருக்கு இரண்டாம் அமர்வில் மட்டும், தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் தரப்பட்டது. மற்றக் குழுவினருக்குக் காசே இல்லை. ஒவ்வோர் அமர்வின் நடுவிலும் அவர் ஏதோ வேலை இருப்பதுபோல அறையை விட்டு வெளியேறி, அந்த எட்டு நிமிடங்களில் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மறைவிலிருந்து பார்த்தார். பத்திரிகைகளும் அங்கே கிடந்தன. காசு பெற்றுப் பழகியவர்கள், காசு நின்ற மூன்றாம் அமர்வில், தாமாகப் புதிரைத் தொட்ட நேரம் குறைந்திருந்தது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் இதையே வேறு விதமாகச் சோதித்தார்கள். வரைந்தால் பொன் நட்சத்திரம் பதித்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், ஓரிரு வாரங்கள் கழித்து விளையாட்டு நேரத்தில் வரைந்தது, மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை.

இதிலிருந்து பரிசே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். முன்பே பேரம் பேசி வைத்த பரிசுதான், ஆசையால் செய்த வேலையைக் கூலி வேலையாக மாற்றிவிடுகிறது. வேலை முடிந்த பிறகு மனம் நிறைந்து சொல்லும் ஒரு நல்ல சொல்லுக்கு அந்தக் கேடு இல்லை. அதே 1971 ஆய்வுக் கட்டுரையில், வாய்ச்சொல்லால் பாராட்டப்பட்டவர்களின் ஆர்வம் குறையவில்லை என்பதையும் டெசி பதிவு செய்திருக்கிறார். ஆகவே உங்களுக்கு நீங்களே பரிசு வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால், அதை உங்களுக்குச் சற்றும் பிடிக்காத, ஆனால் தவிர்க்க முடியாத வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வரிக் கணக்குத் தாள்களை அடுக்கி முடித்தால் ஒரு கோப்பை வனிலா தேநீர் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. விரும்பிச் செய்யும் வேலையின் மேல் விலைச்சீட்டை ஒட்டாதீர்கள்.

மனத்துக்குள் கேட்கும் குரல் யாருடையது?

இதுவே இந்த வழிகாட்டியில் மிகவும் கடினமான பகுதி. வெளியிலிருந்து வரும் நெருக்குதல் என்றால் அப்பா, ஆசிரியர், மேலாளர் என்று எதிரே நிற்பவர்களைத்தான் நினைக்கிறோம். உண்மையில் அவர்களில் பலர் எப்போதோ நம் மனத்துக்குள் குடியேறி, நம் குரலிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். "நாலு பேர் என்ன சொல்வார்கள்", "அவன் பிள்ளை படித்துவிட்டான், நீ என்ன செய்தாய்" என்று இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்கிறோம். யாரும் நேரில் நிர்ப்பந்திக்கவில்லை என்பதால் இதை உள்ளூக்கம் என்று எண்ணிவிடுகிறோம். வெட்கத்தாலும் குற்ற உணர்வாலும் ஓடுகிற ஓட்டம், உள்ளே நடந்தாலும் வெளியிலிருந்து வந்ததுதான். டெசியும் ரிச்சர்ட் ரயனும் பின்னர் வளர்த்தெடுத்த கோட்பாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு: விழுங்கிவிட்ட, ஆனால் செரிக்காத கட்டளை என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

நம் தீவில் பிள்ளைகள் இந்தக் குரலோடுதான் வளர்கிறார்கள். எச்.எஸ்.சி. என்னும் மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வில் முன்னிலை பெற்று அரசு உதவித்தொகை வெல்பவரை 'லொரேயா' என்று அழைக்கிறோம். முடிவு வெளியாகும் நாளில் அவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். மறுநாள் நாளிதழில் படம் வருகிறது. அது அவர்கள் உழைப்புக்குக் கிடைத்த பெருமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தப் படத்தை வெட்டி வைத்து ஏழாம் வகுப்புப் பிள்ளையின் மேசைக்கு எதிரே ஒட்டும்போது, அந்தப் பிள்ளை கணக்கைப் பார்ப்பதை விட்டுப் படத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. பள்ளி முடிந்ததும் ட்யூஷன், சனிக்கிழமையும் ட்யூஷன் என்று வளர்ந்தவர்களிடம் முப்பது வயதில் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. அவர்களிடம் ஆசை இல்லை என்பதால் அல்ல. ஆசையைக் கேட்டறியும் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

அந்தப் பழக்கத்தை மீட்க, என் வகுப்பிலுள்ள பெரியவர்களுக்கு நான் தரும் பயிற்சி இது. ஒரு சிறு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரங்களுக்கு, ஒவ்வோர் இரவும் அன்று செய்த வேலைகளில் ஐந்தை எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரேயும் ஓர் எழுத்து. செய்யாவிட்டால் யாராவது தண்டிப்பார்கள், செய்தால் ஏதாவது கிடைக்கும் என்பதற்காகச் செய்திருந்தால் 'கூ' என்று எழுதுங்கள், அது கூலி. செய்யாமல் இருந்தால் உங்களையே நீங்கள் கேவலமாக நினைத்திருப்பீர்கள் என்றால் 'வெ', அது வெட்கம். செய்வது சலிப்பாக இருந்தாலும் அதன் பயனை நீங்களே மதிக்கிறீர்கள் என்றால் 'ம', அது மதிப்பு. செய்துகொண்டிருப்பதே இனித்தது என்றால் 'வி', விருப்பம். எதையும் மாற்ற முயலாதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள். 'கூ'வும் 'வெ'யும் வரிசையாக வந்து நிற்கும்போது பலருக்கு அழுகை வருகிறது. அதற்காக அஞ்ச வேண்டாம். 'ம' வந்தாலும் மகிழுங்கள். வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் வேலையைத்தான் உள்ளூக்கம் என்று நினைப்பது தவறு. பாட்டிக்கு மருந்து கொடுக்க அதிகாலை எழுவது யாருக்கும் இனிப்பதில்லை. ஆயினும் அதை முழு மனத்தோடு செய்கிறோம்.

'வெ' என்று குறித்த வேலைகளை மட்டும் தனியே எடுத்து, இன்னொரு கேள்வியைக் கேளுங்கள். இதை நான் செய்தேன் என்று எவருக்கும் ஒருபோதும் தெரியாது, படம் எடுத்துப் பகிரவும் முடியாது என்றால், அப்போதும் செய்வேனா? பதில் 'ஆம்' என்றால், மேலே படிந்த வெட்கத்துக்கு அடியில் உங்கள் சொந்த ஆசை ஒன்று இருக்கிறது. 'இல்லை' என்றால் அந்த வேலையை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து ஊக்கம் பிறக்கும் என்று காத்திருப்பதை நிறுத்திவிடலாம்.

கண்டெடுத்ததை வளர்ப்பது

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், அறுபத்து மூன்று வயதில் என் வகுப்புக்கு வந்தார். முப்பது ஆண்டுகளாகக் கோயிலில் தேவாரமும் முருகன் பாடல்களும் பாடுபவர். குரல் நன்றாக இருக்கும். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. நம் ஊரில் பலரிடமும் இருப்பதுபோல, பிரெஞ்சு எழுத்துகளில் தமிழ்ப் பாட்டை எழுதிவைத்த பழைய நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது, அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் சூடத்தின் மணத்தோடு. அவரை யாரும் அனுப்பவில்லை. அவர் மனைவிக்கு அது வீண் வேலையாகவே தோன்றியது.

247 எழுத்துகள் என்றதும் அவர் மலைத்துப்போனார். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று அட்டவணையைச் சுவரில் மாட்டி முதலிலிருந்து தொடங்குவதே வழக்கம். அப்படித் தொடங்கியவர்களில் பலர் 'ஙு' வருவதற்குள் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அவரிடம், எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் நோட்டைப் புரட்டி ஒரு முருகன் பாடலில் விரலை வைத்தார். அதிலுள்ள சொற்களுக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் கற்றோம். ஒரு வாரத்துக்கு மூன்று எழுத்து, அதற்கு மேல் இல்லை. ஐந்தாம் வாரத்தில் ஒரு சொல்லை எழுதிக் காட்டினேன். அவர் நோட்டில் அது 'வலித்துணை' என்றும் படிக்கக்கூடிய விதத்தில் எழுதப்பட்டிருந்தது. பிரெஞ்சு எழுத்தில் ல, ழ, ள மூன்றுக்கும் ஒரே குறிதானே. முப்பது ஆண்டுகளும் அவர் அதை வலி என்றே நினைத்து, துன்பத்தில் துணை என்று பொருள்கொண்டு பாடியிருக்கிறார். பலகையில் 'வழித்துணை' என்று இருந்தது. நாக்கை மடித்து ழகரத்தை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் நாற்பது வருஷம் பஸ் ஓட்டினவன் மிஸ், இந்தச் சொல் என்னுடையது" என்றார்.

அந்த நாளுக்குப் பிறகு அவரை நான் ஒரு முறையும் ஊக்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மொரிசியசின் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனின் படம் உள்ள நூறு ரூபாய் நோட்டை எடுத்துவந்து, அதிலிருக்கும் தமிழை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். பல ஆண்டுகளாக அவர் கையில் புரண்ட நோட்டு அது.

டெசியும் ரயனும் மனிதருக்கு மூன்று தேவைகள் நிறைவேறினால் ஊக்கம் தானாகத் தழைக்கும் என்கிறார்கள்: செய்வதைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை, நம்மால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு பிணைப்பு. ஓட்டுநருக்கு இவை மூன்றும் அமைந்தன. உங்கள் வேலைக்கும் இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் 'வி' அல்லது 'ம' என்று விழுந்த ஒன்றை மட்டும் எடுங்கள், இரண்டை எடுக்காதீர்கள். அதில் எங்கிருந்து தொடங்குவது என்பதை நூலோ ஆசிரியரோ சொல்லும் வரிசையைப் பார்க்காமல், உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்சோடு நெருங்கியிருக்கும் இடத்திலிருந்து தீர்மானியுங்கள். பிறகு அளவைக் குறையுங்கள். இன்று உங்களால் எளிதாக முடிவதைவிடச் சற்றே கடினமாக, ஆனால் ஒரு வாரத்துக்குள் முடிந்தது என்று கண்ணால் பார்க்கக்கூடியதாக அந்த அளவு இருக்க வேண்டும். 'தமிழ் கற்கப் போகிறேன்' என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. 'இந்த நாலு வரியை எழுத்தைப் பார்த்துப் பாடப் போகிறேன்' என்பதைப் பார்க்க முடியும்.

துணையைப் பற்றி ஒரு சொல். "முடித்துவிட்டாயா?" என்று கேட்பவர் காவலர். "இந்த வாரம் என்ன கண்டாய்?" என்று கேட்பவரே துணை. அப்படிப்பட்ட ஒருவர் போதும். குழுவாக இருக்க வேண்டுமென்பதில்லை.

தப்ப முடியாத வேலைகள்

எபேன் நகரத்து அலுவலகம் ஒன்றில் தொலைபேசிக்கு முன் உட்கார்ந்து, மணிக்கு இத்தனை அழைப்பு என்ற கணக்கோடு வாழ்பவரிடம் போய், விருப்பப்படி வேலை செய் என்று சொல்வது நேர்மையாகாது. சம்பளத்துக்காகச் செய்கிற வேலை சம்பளத்துக்காகவே இருக்கட்டும். ஆனால் எந்தக் கட்டாய வேலையிலும் தேர்ந்துகொள்ளக் கூடிய ஓர் ஓரம் இருக்கும். எந்த வரிசையில் செய்வது, எதை இன்னும் துல்லியமாகச் செய்வது, யாருக்குக் கற்றுக்கொடுப்பது போன்றவற்றில் ஒன்றையாவது நீங்கள் தீர்மானியுங்கள். என் மாணவி ஒருவர், நாளுக்கு ஓர் அழைப்பை மட்டும், எதிர்முனையில் இருப்பவர் எந்த நிலையில் பேசுகிறார் என்று உன்னிப்பாகக் கேட்பதற்கென ஒதுக்கினார். எண்ணிக்கை மாறவில்லை, மாலையில் வீடு திரும்பும்போது இருந்த சோர்வு மாறியது என்றார்.

மனம் வராத நாள்கள்

உள்ளூக்கம் இருந்தால் தினமும் ஆசை பொங்கும் என்று எண்ணியே பலர் ஏமாறுகிறார்கள். தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதற்கும் அன்று விடுமுறை. ஆனால் காவடி எடுப்பவருக்கு அது பத்து நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. புலால் இல்லை, மது இல்லை. அன்று அலகு குத்தி, தோளில் காவடியும் பால் செம்பும் ஏந்தி, கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு நடக்கிறார். கோர் தெ கார்ட் மலைக்கோயிலுக்குச் செல்பவர்கள் அதன் பின் படிகளும் ஏறுகிறார்கள். பாதி வழியில் அவருக்கு இனிக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். கால் எரிகிறது. ஆனால் அந்த நேர்த்திக்கடனை அவரே நேர்ந்துகொண்டார். செம்பில் பால் திரியாமல் சேர வேண்டும் என்பதும் அவருடைய கவலை. அதே தூரத்தை ஒருவர் கட்டாயப்படுத்தி நடக்க வைத்திருந்தால் முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டிருப்பார்.

ஆகவே மனம் வராத நாளுக்கான நியமத்தை, மனம் நிறைந்திருக்கும் நாளில் நீங்களே வகுத்து எழுதிவையுங்கள். மிகச் சிறியதாக இருக்கட்டும்: பத்து நிமிடம், அல்லது ஒரு வரி. அதற்கு முடிவு நாளும் வையுங்கள், ஏனெனில் விரதத்துக்கும் முடிவு உண்டு, ஏழு கறியோடு வாழையிலை விரிக்கும் வேளை உண்டு. தவறிய நாளுக்கு உங்களைத் திட்டாதீர்கள். திட்டத் தொடங்கினால் 'ம' என்றிருந்த வேலை மெல்ல 'வெ' ஆகிவிடும். இதை நோட்டிலேயே பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஒன்று சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். தேர்வு முடிவு வந்த நாளில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், அந்தப் பாடத்தில் பிள்ளை எதைச் சுவாரசியமாகக் கண்டது என்று கேளுங்கள். முதல் இரண்டு முறை 'ஒன்றுமில்லை' என்றே பதில் வரும். மூன்றாம் முறையும் கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை மீண்டும் இரண்டு வாரம் எழுதுங்கள். தேர்ந்தெடுத்த வேலையின் எதிரே என்ன எழுத்து விழுகிறது என்று பாருங்கள். சென்ற ஆண்டு ஒரு பெண்மணி அந்த நோட்டோடு என் மேசைக்கு வந்தார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் எதிரே எல்லா வாரமும் 'வெ' இருந்தது. தமிழர் வீட்டில் பிறந்து தமிழ் தெரியாமல் இருக்கிறோமே என்ற வெட்கம். ஞாயிறு காலையில் மாமியார் வீட்டுக் கொல்லையில் முருங்கையும் பாகலும் பார்த்துக்கொள்வதன் எதிரே எல்லா வாரமும் 'வி'. வகுப்பை நிறுத்திவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நிறுத்துங்கள் என்றேன். இப்போது சில சனிக்கிழமைகளில், பாடம் முடியும் நேரத்தில், மண்டப வாசலில் ஒரு கூடையோடு வந்து நிற்கிறார். கூடையில் உள்ள காய்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டுக்கொண்டு போகிறார்.